ஏழாம் வகுப்பு உயிரியல்: வீட்டில் கற்கும் பிள்ளைக்கு எந்தப் பாடநூல், அதோடு எதைச் சேர்ப்பது?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவைப் புறநகரில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்வதாக எண்ணம். கணிதமும் மொழிகளும் ஒரு சீரில் போகின்றன. உயிரியலில்தான் தடுமாற்றம்.

மேசையில் மூன்று புத்தகங்கள் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசின் ஏழாம் வகுப்பு அறிவியல், என்.சி.இ.ஆர்.டி. 2025இல் வெளியிட்ட ‘க்யூரியாசிட்டி’, உறவினர் கொடுத்த வெளிநாட்டுப் பயிற்சி நூல். மூன்றையும் மாற்றி மாற்றிப் படிக்கிறாள், ஒன்றும் முடிந்தபாடில்லை.

சென்ற வாரம் செல் பாடம் முடித்தோம். மைட்டோகாண்டிரியாவின் வேலை என்ன என்று கேட்டேன். “செல்லின் ஆற்றல் மையம்” என்று பட்டென்று பதில் வந்தது. செடிக்கு மைட்டோகாண்டிரியா உண்டா என்று கேட்டேன். “இல்லை, அதற்குத்தான் பசுங்கணிகம் இருக்கிறதே” என்றாள். தாவர செல் படத்தில் இரண்டும் இருக்கின்றன. அவளே பெயர் குறித்து வண்ணமும் தீட்டியிருக்கிறாள்!

எந்த நூலை வைத்துக்கொள்வது, அதோடு எதைச் சேர்ப்பது, அவளுக்குப் புரிந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் ஆய்வகம் எதுவும் இல்லை.

ஓய்வாசிரியர் (நெல்லை)

வணக்கம் அம்மா. அரசுப் பள்ளிகளில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மூன்று நூல்களில் இரண்டை இன்றே அலமாரியில் வையுங்கள். எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைவிட ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறீர்கள் என்பது முக்கியம். கட்டாயம் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசு நூல். தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கலாம். இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துத் தமிழில் படித்து, கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் குறித்துக்கொண்டால் பின்னால் எந்தத் தேர்வுக்கும் சிக்கல் வராது.

அந்த நூலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் நுழைக்கப்படும் பெயர்கள் அதிகம். ஆறாம், ஏழாம் வகுப்பு நூல்கள் மூன்று பருவங்களாகப் பிரிந்திருப்பதால் செல் ஒரு பருவத்தில், தாவர இனப்பெருக்கம் இன்னொரு பருவத்தில் என்று சிதறிக் கிடக்கும். பள்ளிக்கு அது வசதி. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மகள் சொன்ன பதில் அவளுக்கு மட்டும் உரியதன்று. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். விலங்குகள் (மைட்டோகாண்டிரியாவைக் கொண்டு) சுவாசிக்கும், தாவரங்கள் (பசுங்கணிகத்தைக் கொண்டு) ஒளிச்சேர்க்கை செய்யும் என்று மனத்தில் இரண்டு பெட்டிகள். அதை உடைக்க இன்னொரு பாடநூல் உதவாது. முளைகட்டிய பாசிப்பயறு உதவும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி இரவு முழுவதும் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரைச் சிறு கிண்ணங்களில் ஊற்றுங்கள். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கலக்குவதை நீங்களே செய்யுங்கள்.) மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகள் எடுத்து, ஒன்றில் முளைகட்டிய பயறும் மற்றதில் வேகவைத்த பயறும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு நீரை வைத்து இறுக மூடுங்கள். இருட்டான இடத்தில் வையுங்கள். மூச்சில் வெளிவரும் கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு நீர் வெளுக்கும். காலையில் என்ன பார்த்தாள் என்று எழுதுங்கள்.

ஓசூர் அப்பா

ஐயா சொன்ன சோதனை நல்லது. ஆனால் நூல் தேர்வில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நாங்கள் மகனை கேம்பிரிட்ஜ் (பிரிட்டன் தேர்வு அமைப்பு) வழியில் கொண்டுபோகிறோம். முதலில் லோயர் செகண்டரி அறிவியல், பிறகு பத்தாம் வகுப்புக்கு இணையான ஐ.ஜி.சி.எஸ்.இ. உயிரியல். அதில் நேரடியாகச் செய்முறைத் தேர்வு எழுத முடியாதவர்களுக்கு அதற்கு மாற்றான எழுத்துத்தாள் ஒன்று இருக்கிறது. வரைபடத்தைப் படிப்பது, சோதனையைத் திட்டமிடுவது, அளவெடுத்துப் படம் வரைவது போன்றவற்றைத்தான் அதில் கேட்கிறார்கள். தனித்தேர்வராக எழுதும் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு.

செலவு அதிகம், மறுக்கவில்லை. தேர்வுக் கட்டணத்தோடு மையம் தேடுவதும் ஒரு வேலை. நீங்கள் அந்தத் தேர்வை எழுதாவிட்டாலும் அந்த வகைக் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

ஓர் எடுத்துக்காட்டு. என் மகன் பச்சைப்பயறை வெளிச்சத்தில் ஒரு தட்டிலும் அலமாரிக்குள் ஒரு தட்டிலும் முளைக்க வைத்தான். அலமாரிக்குள் இருந்தவை நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டன. “இருட்டில்தான் செடி நன்றாக வளர்கிறது” என்று நோட்டில் எழுதினான். அவன் அளந்தது சரி. உயரத்தை மட்டும் அளந்திருந்தான். தண்டின் தடிமனையும், இலையின் அகலத்தையும், வெயிலில் உலர்த்திய பிறகு எடையையும் பார்க்கச் சொன்னேன். இருட்டில் வளர்ந்தவை வெளுத்து, தண்டு நூலாக நீண்டு, இலை விரியாமல் இருந்தன. விதையில் இருந்த சேமிப்பைச் செலவழித்து வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க நீண்டிருக்கின்றன என்பதை அவனே கண்டுபிடித்தான். ‘வளர்ச்சி என்றால் எதை அளக்கிறோம்?’ என்ற கேள்வியை நம் பாடநூல்கள் அதிகம் கேட்பதில்லை.

தாவரவியல் (மதுரை)

கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் எதோடு வருகிறார்கள், எது இல்லாமல் வருகிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெயர்கள் நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரு பூவைக் கையில் கொடுத்து இதில் சூற்பை எங்கே என்று கேட்டால் பெரும்பாலானோர் தயங்குகிறார்கள். எனவே நீங்கள் சேர்க்க வேண்டியது இன்னொரு நூல் அன்று. ஒரு நுண்ணோக்கியும் ஒரு சவர அலகும் (அலகைப் பெரியவர் பிடிக்க வேண்டும்).

நுண்ணோக்கிக்குப் பெரிய தொகை செலவிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கி 2014இல் அறிவித்த ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உங்கள் மகளின் வயதுக்கு அது போதும். கைபேசிக் கேமராவோடு ஒட்டிப் படமெடுக்கலாம். எந்த நுண்ணோக்கியானாலும் அதை நேரே சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் வெங்காயத் தோலில் தொடங்குவார்கள். மருந்துக் கடை அயோடின் ஒரு துளி விட்டால் செல்சுவரும் உட்கருவும் தெரியும். நல்லதுதான், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ செடி பல வீட்டு வாசல்களில் தொட்டியில் இருக்கும். அந்த ஊதாத் தோலை மெல்லியதாக உரித்துத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். செல் முழுவதும் ஊதா நிரம்பியிருக்கும். இப்போது கண்ணாடியின் ஓரத்தில் கெட்டியான உப்புநீர் ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கத்தில் தாளால் ஒற்றி எடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகும். மீண்டும் நல்ல தண்ணீர் விட்டால் பல செல்களில் அது விரிந்து பழைய இடத்துக்கு வரும். செல்சுவர் வேறு, செல்சவ்வு வேறு என்று பத்து முறை படிப்பதும், அவை பிரிவதைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றாகாது. ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று அவளே கேட்பாள்.

பூவுக்குச் செம்பருத்தி (ஒற்றையடுக்கு, சிவப்பு). மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து குழாயாக நிற்கும், அதனுள்ளே சூல்தண்டு ஓடும், நுனியில் ஐந்து சூல்முடிகள். அடியில் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். சூல்முடி ஐந்து, அறையும் ஐந்து. ஏன் என்று யோசிக்க விடுங்கள், உடனே விடை சொல்லிவிடாதீர்கள். மறுநாள் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்.

ஒரு வேண்டுகோள். அவள் வரையும் படங்களில் அழகை எதிர்பார்க்காதீர்கள். பார்த்ததை மட்டும் வரைய வேண்டும், பாடநூல் படத்தை நினைவிலிருந்து வரையக் கூடாது. என் மாணவர்களிடம் இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நான் அதிகம் பாடுபடுகிறேன்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா, பயறுச் சோதனை செய்தோம். முளைகட்டிய பயறு இருந்த கிண்ணத்தில் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது, கலக்கினால் நீர் முழுதும் பால் போல் ஆனது. ஆனால் வேகவைத்த பயறு இருந்த புட்டியிலும் மெல்லிய ஏடு இருக்கிறது! “வெந்த பயறும் மூச்சு விடுகிறதா?” என்று கேட்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை என்று சொல்லி, இங்கே கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் அப்பா

அருமையான கேள்வி! விடை சொல்லும் முன் மூன்றாவது புட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பயறே இல்லாமல், சுண்ணாம்பு நீர் மட்டும். அதிலும் ஏடு படிந்தால் கரியமில வாயு எங்கிருந்து வந்தது?

ஓய்வாசிரியர் (நெல்லை)

ஓசூர்த் தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். புட்டிக்குள் அடைபட்ட காற்றிலேயே சிறிதளவு கரியமில வாயு உண்டு. வேகவைத்த பயறை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் இன்னொன்றும் நடக்கும்: அது ஊசிப்போகும். அப்போது சுண்ணாம்பு நீர் நன்றாகவே வெளுக்கும். பயறு மூச்சு விடவில்லை, அதன்மேல் வளர்ந்த நுண்ணுயிரிகள் மூச்சு விடுகின்றன. எட்டாம் வகுப்பு நூலில் நுண்ணுயிரிகள் பாடத்தை அந்த வாரமே எடுத்துப் படிக்கலாம். அவள் கேள்விதான் அடுத்த பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்னொரு வரிசை உண்டு, அது பருவகாலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காளான், பாசி, நத்தை, தவளை எல்லாம் வாசலுக்கே வரும். அந்த மாதங்களில் பூஞ்சையையும் நீர்நில வாழ்வனவற்றையும் படிக்க வேண்டும். தையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குடும்பத்தோடு பங்கேற்று, பார்த்த பறவைகளை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதியலாம். பங்குனி, சித்திரையில் வேம்பும் கொன்றையும் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கை. வாரம் ஒருமுறை ஒரே மரத்தின் தளிர், பூ, காய் நிலையைக் குறித்து அனுப்பும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்திலும் சேரலாம். ஆனியில் பூ பற்றிப் படித்து மார்கழியில் தவளை பற்றிப் படித்தால் எல்லாமே காகிதத்தில்தான் நடக்கும்.

தூத்துக்குடி அலை

எங்கள் வீட்டில் அசைவம் உண்டு, அதனால் எங்களுக்கு ஆய்வகமே சமையலறைதான். மீன் கழுவும்போது செவுளைத் தூக்கிக் காட்டுங்கள். சிவப்பாக, சீப்புப் பற்கள்போல அடுக்கடுக்காக இருக்கும். ஏன் அத்தனை அடுக்கு என்ற கேள்வியிலிருந்தே பரப்பளவு பற்றிப் பேசலாம்.

இரத்த ஓட்டப் பாடத்துக்கு ஆட்டு இதயம் வாங்கினோம். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தைக் கழுவ நடுவே கீறி, மேலுள்ள குழாய்களையும் நறுக்கிவிடுவார்கள். “கீறாமல், குழாயோடு வேண்டும்” என்று கேளுங்கள். முதலில் வெட்டாமல், பெருந்தமனி வழியாக மெல்லத் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தால் பிறை வடிவ மூன்று இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தி அடைத்துக்கொண்டிருந்தன. வால்வு என்றால் என்ன என்று நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு வெட்டினால், இடது கீழறையின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்பது விரலால் தொட்டாலே தெரிந்தது. ஒன்று நுரையீரல் வரை தள்ளினால் போதும், மற்றது உடல் முழுக்கத் தள்ள வேண்டும். என் மகன் அளவுகோலை எடுத்து இரண்டையும் தானே அளந்தான்.

நொய்யல்கரை

நாங்கள் சைவம் சகோதரி. ஆனாலும் படிக்கும்போதே கண்முன் நிற்கிறது.

தாவரவியல் (மதுரை)

சைவ வீட்டுக்குக் குறையே இல்லை. அதன் பொருட்டு எந்த விலங்கையும் அறுக்கச் சொல்ல மாட்டேன். இதயத் துடிப்பை மணிக்கட்டில் எண்ணலாம். உட்கார்ந்திருக்கையில், மாடிப்படி ஏறியவுடன், அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் என்று எண்ணி வரைபடம் போடலாம்.

கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ‘கறிவேப்பிலை அழகி’ அல்லது ‘எலுமிச்சை அழகி’ வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் அதே புழு பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவ உறுப்பை நீட்டும், நெடியும் வரும். ஓட்டை போட்ட டப்பாவில் தினமும் புது இலை வைத்து வளர்த்தால் கூட்டுப்புழு வரை பார்க்கலாம். சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குளவிகள் வரும். பிள்ளை வருத்தப்படும். அப்போது பேச்சை மாற்றாதீர்கள். ஒட்டுண்ணிக் குளவிகள் இல்லையென்றால் கறிவேப்பிலைச் செடி என்ன ஆகும் என்று பேசுங்கள்.

டாலஸ் தமிழ்

வணக்கம். அமெரிக்காவில் இரண்டு பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிறேன். இங்கே வீட்டுக்கல்விக்கென விற்கப்படும் உயிரியல் நூல்களில் கணிசமானவை கிறித்தவ அமைப்புகள் வெளியிடுபவை. அச்சும் படமும் நேர்த்தியாக இருக்கும். பரிணாமம் இருக்காது, அல்லது மறுத்து எழுதியிருப்பார்கள். நொய்யல்கரை சகோதரி வைத்திருக்கும் வெளிநாட்டு நூலில் அந்தப் பகுதியை முதலில் பாருங்கள்.

பரிணாமத்தை ஒரு பாடமாக மட்டும் எண்ணாதீர்கள். செம்பருத்தியும் வெண்டையும் ஏன் ஒத்திருக்கின்றன, புழு ஏன் பறவை எச்சம்போல் இருக்கிறது என்று இந்த இழையில் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் முடிகிறது. அது இல்லாமல் கற்பித்தால் உயிரியல் வெறும் பெயர்ப்பட்டியல். இந்தியாவிலும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை 2023இல் நீக்கிவிட்டார்கள் என்று படித்து வருந்தினேன்.

ஓய்வாசிரியர் (நெல்லை)

உண்மைதான் அம்மா. ஆனால் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிலிருந்து புதைபடிவப் பகுதியையும் அமைப்பொத்த உறுப்புகள் பகுதியையும் எளிதாக்கிச் சொல்லலாம். வாய்ப்பிருந்தால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு அழைத்துப் போங்கள். 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம், சுமார் 12 கோடி ஆண்டுகள் பழையது. அந்தப் பகுதி அன்று கடலாக இருந்தது என்று அந்த இடத்தில் நின்று சொன்னால், பிள்ளை சுற்றுமுற்றும் பார்க்கும்.

தள்ளிப்போடக் கூடாத இன்னொரு பாடமும் உண்டு. எட்டாம் வகுப்பில் வரும் ‘வளரிளம் பருவமடைதல்’. மகளுக்கு 12 வயது என்கிறீர்கள். வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே படியுங்கள். பள்ளிகளில் இதை “நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் இருக்கிறது, அது எனக்கு எப்போதும் ஆற்றாமைதான். செம்பருத்தியின் சூற்பையைப் பேசிய அதே குரலில் இதையும் பேசினால் பிள்ளை இயல்பாக எடுத்துக்கொள்ளும்.

ஓசூர் அப்பா

தேர்வுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் நிலையில் உயிரியல் தனிப்பாடம் இல்லை. ‘அறிவியலும் தொழில்நுட்பமும்’ (பாட எண் 212) என்ற ஒரே பாடத்துக்குள் வருகிறது. செய்முறைத் தேர்வும் ஒப்படைப்பும் உண்டு. உயிரியல் தனியாக வருவது பன்னிரண்டாம் நிலையில்தான். ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளில் தேர்வுக்கென்று தனியாக ஓட வேண்டியதில்லை. 13 வயதில் 212 பாடநூலை ஒருமுறை புரட்டி, விடுபட்டதை மட்டும் நிரப்பினால் போதும். என் கேம்பிரிட்ஜ் வாதத்தை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் வழிக்கு ஐயா சொல்வதே பொருந்தும்.

நொய்யல்கரை

மூன்றாவது புட்டியிலும் மெல்லிய ஏடு படிந்தது! வேகவைத்த பயறு இருந்ததைப் போலவே. “அப்படியானால் முளைப்பயறிலிருந்து இதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்” என்றாள். இரவில் செடி என்ன செய்யும் என்று தானாகவே கேட்டாள். மைட்டோகாண்டிரியாவை நான் நினைவூட்டவில்லை. அவளே நோட்டைப் புரட்டி, பழைய விடையை அடித்துத் திருத்தினாள்.

எங்கள் திட்டம் இதுதான். தமிழ்நாடு அரசின் ஏழாம், எட்டாம் வகுப்பு நூல்கள் மட்டும். வாரத்தில் இரண்டு நாள் படிப்பு, ஒரு நாள் நுண்ணோக்கி அல்லது சோதனை, ஒரு நாள் வெளியே. பார்த்ததை வரையும் நோட்டு ஒன்று. பருவமடைதல் பாடம் இந்த மாதமே. அடுத்து ஏழாம் வகுப்பு வகைப்பாட்டியல் பாடத்தில் தொடங்கலாம் என்றிருக்கிறேன், எல்லா உயிரினங்களுக்கும் அறிமுகமாக இருக்குமே என்று. சரியா ஐயா?

ஓய்வாசிரியர் (நெல்லை)

திட்டம் நன்றாக இருக்கிறது. வகைப்பாட்டை மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். உயிரினங்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரிக்கும், விட்டேக்கர் என்ற அறிவியலாளர் 1969இல் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டை முதலிலேயே கொடுத்தால் மனப்பாடம் செய்யத்தான் தோன்றும். மழைக்காலம் முடியட்டும். நோட்டில் காளான், பாசி, நத்தை, புழு, பறவை, செம்பருத்தி, தயிரில் பார்த்தது என்று படங்கள் சேர்ந்திருக்கும். அவற்றைத் தனித்தனித் தாளில் படியெடுத்துத் தரையில் பரப்பி, அவளுக்குத் தோன்றியபடி குழுக்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் காரணம் எழுத வேண்டும். அதன் பிறகே பாடநூலைத் திறங்கள். காளானைச் செடிகளோடு வைக்கிறாளா, தனியாக வைக்கிறாளா, என்ன காரணம் சொல்கிறாள் என்பதை இங்கே வந்து எழுதுங்கள் அம்மா. காத்திருக்கிறேன்.